கனிவு மட்டும் போதுமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பங்குத்தந்தையின் அறைக்கு ஒரு தனிக் கூட்டம் வருவது வழக்கம். கையில் விண்ணப்பப் படிவம், முகத்தில் கவலை, நாவில் ஒரே வேண்டுகோள்: "சாமி, ஒரு கையெழுத்து." ஞானஸ்நானச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சிபாரிசுக் கடிதம் என்று கேட்டதையெல்லாம் எழுதித் தருவது என் வழக்கம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தந்தைக்கு மட்டும் அன்றே எழுதித் தர என் கை எழவில்லை. அவர் கதையே இம்மாத மடல்.

அவர் கப்பலூர் நூற்பாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். பஞ்சுத் தூசி மூச்சில் ஏறிய மனிதர். உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள்.

"சாமி, பிள்ளையை பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கலாம்னு இருக்கேன். இடம் உறுதின்னு சொல்லிட்டாங்க. பணந்தான் கொஞ்சம் கூடுதல். திருமங்கலம் ரோட்டுல இருக்கிற மனையை அடமானம் வச்சா முதல் வருசத்தைக் கட்டிடலாம்."

அவர் நீட்டிய வழவழப்பான விவரச் சுவடியைப் புரட்டினேன். நான்கு மாடிக் கட்டடம், பூந்தோட்டம், மஞ்சள் நிறப் பேருந்துகள், கணிப்பொறி அறை, வெள்ளுடையில் வரிசையாக நிற்கும் மாணவியர். எல்லாம் இருந்தன. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"இவர்களுடைய ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறதப்பா?"

அவர் திகைத்தார். "ஆஸ்பத்திரியா? இது காலேஜுல்ல சாமி!"

அவர் பதில் என்னை உறுத்தியது. குற்றம் அவருடையதன்று. வக்கீலாக வேண்டுமானால் சட்டக் கல்லூரி, ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, நர்ஸ் ஆக வேண்டுமானால் நர்சிங் கல்லூரி என்பது அவர் அறிந்த கணக்கு. கல்லூரியைப் பார்த்தார், கட்டிலைப் பார்க்கவில்லை. நம்மில் பலரும் அப்படித்தானே இருக்கிறோம்?

"கையெழுத்து இருக்கட்டும். நாளைக் காலையில் மூவரும் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்" என்றேன்.

பார்த்தோம். கட்டடம் சுவடியில் கண்டது போலவே அழகாக இருந்தது. செய்முறைக்கூடம் என்று பெயர்ப் பலகை மாட்டிய அறையைத் திறந்து காட்டச் சொன்னோம். சாவி வருவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே பயிற்சிக்கான ஆளுயரப் பொம்மை ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் படுத்திருந்தது. மருத்துவமனை எங்கே என்று கேட்டோம். பயிற்சிக்காக வேறோர் ஊரிலுள்ள மருத்துவமனைக்கு மாணவியரைப் பேருந்தில் அழைத்துச் செல்வதாகச் சொன்னார்கள். வாசலில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் நம் பெண் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்போம். முன்னால் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். நான் உயரம் குறைவு" என்றாளாம் அவள்.

திரும்பும் வழியில் பேருந்தில் தந்தை வாய் திறக்கவில்லை. தோப்பூர் விலக்கைக் கடக்கும்போதுதான் கேட்டார்: "ஏன் சாமி, புத்தகத்துல படிச்சா வராதா? நம்ம பிள்ளைக்கு நல்ல மனசு. யாருக்கு முடியலைன்னாலும் ஓடிப் போய் நிப்பா. அது போதாதா?"

அன்று பேருந்து இரைச்சலில் முழுவதும் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நல்ல மனமும் நல்ல பயிற்சியும்

பிணியாளரைப் பேணுவது நல்ல மனம் படைத்த எவராலும் இயலும் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854இல் கிரிமியப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்குப் பணிபுரியச் சென்ற அவரை விளக்கேந்திய மங்கையாகவே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் அவர் 1851லேயே ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பயிற்சி பெற்றவர். பிணியாளரின் இறப்புக் கணக்கை எண்ணி, அட்டவணையிட்டு, படம் வரைந்து அரசுக்கு எடுத்துரைத்தவர். 1860ஆம் ஆண்டில் இலண்டனில், புனித தோமையார் மருத்துவமனையில், அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளியை அவர் தனியொரு கட்டடமாகத் தெருவில் எழுப்பவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே அமைத்தார் என்பதைக் கவனியுங்கள். மாணவியர் கட்டிலருகே கற்றனர். கற்றதை மாலையில் குறிப்பேட்டில் எழுதினர்.

நம் மாநிலத்தில் 1871ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. ஆயினும் பட்டதாரிச் செவிலியர் என்னும் எண்ணம் முளைவிட்ட இடங்களுள் ஒன்று வேலூர். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் கதையை நீங்கள் அறிந்திருக்கலாம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவ வருமாறு இளம்பெண்ணான அவரை அழைத்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூற, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துத் திரும்பினர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. அந்த இரவில் ஐடாவிடம் கனிவுக்குக் குறைவிருந்ததா? இல்லை. பயிற்சிதான் இல்லை. கனிவோடு மட்டும் அந்த வீடுகளுக்குச் சென்றிருந்தாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900இல் திரும்பினார். வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1909இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1946இல் அது கல்லூரியாக உயர்ந்து பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே 1946இல் தில்லியிலும் ஒரு செவிலியர் கல்லூரி தொடங்கப்பட்டது. தில்லிக் கல்லூரி 1959இல் முதுநிலைப் பட்டப் படிப்பையும் ஏற்படுத்தியது.

வேலூர் வரிசையை நோக்குங்கள். முதலில் கட்டில், பின்னர் மருத்துவமனை, பின்னர் பள்ளி, அதன்பின் கல்லூரி. நாமோ இன்று கல்லூரியை முதலில் எழுப்பிவிட்டுக் கட்டிலைத் தேடுகிறோம். நம் பக்கத்துத் தோப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2019 சனவரியில் அங்கே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் 2022இல் அதன் முதல் அணி மருத்துவ மாணவர்கள் வகுப்பைத் தொடங்கியது இராமநாதபுரத்தில். ஏன்? பிணியாளர் படுத்திருந்த கட்டில்கள் அங்கேதான் இருந்தன. அடிக்கல்லைச் சுற்றி அமர்ந்து மருத்துவம் கற்க முடியாதன்றோ!

வேலூரில் இன்னொரு நல்ல மரபும் உண்டு. வகுப்பில் பாடம் சொல்லும் செவிலிய ஆசிரியையே வார்டிலும் பொறுப்பேற்கிறார். காலையில் கரும்பலகையில் எழுதியதை அவரே கட்டிலருகே நின்று செய்து காட்டுவார். புத்தகம் ஒன்று சொல்ல, வார்டு வேறொன்று சொல்லும் முரண்பாடு அங்கே எழ வழியில்லை. இரண்டையும் இணைக்கும் பாலம் ஒரே ஆசிரியை.

நம் திருச்சபை கற்ற பாடம்

இவ்விடத்தில் நம் வீட்டுக் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிணியாளர் பணியில் நம் கன்னியர் நூற்றாண்டுகளாக முன்நின்றவர்கள். எனினும் கன்னியர் பேறுகால மருத்துவம் பயில்வதற்கும் செய்வதற்கும் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. அன்பு இருந்தது, தியாகம் இருந்தது. பேறுகால வேதனையில் துடித்த தாய்மாருக்கு இவை இரண்டும் போதவில்லை. ஆக்னெஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவ அம்மையார் இதை மாற்றுமாறு மன்றாடப் பன்முறை உரோமைக்குச் சென்றார். விடை காணாமலே 1913இல் மறைந்தார். அவருடைய வழியைப் பின்பற்றி மருத்துவம் பயின்ற ஆஸ்திரிய நாட்டு அன்னை ஆன்னா தெங்கல், இராவல்பிண்டியில் பணிபுரிந்தபின், 1925இல் மருத்துவப் பணிச் சகோதரியர் சபையைத் தொடங்கினார். இறுதியில் 1936 பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை அந்தத் தடையை நீக்கியது.

குண்டூரில் பணிபுரிந்த ஆஸ்திரேலியக் கன்னிகை மருத்துவர் மேரி குளோரி 1920இலேயே தனி அனுமதி பெற்று இந்தியா வந்தவர். ஊர்ப் பெண்களுக்கு மருந்தாளுநராகவும் மருத்துவச்சிகளாகவும் செவிலியராகவும் பயிற்சி தந்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். இவர்களெல்லாம் அன்பிற்கு எதிராகப் படிப்பை நிறுத்தியவர்கள் அல்லர். அன்பு கைகளுக்கு இறங்க வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்பதை நமக்குக் கற்பித்தவர்கள்.

கணக்கும் முகமும்

சரி, வகுப்பறையில் எதைக் கற்கிறார்கள்? கட்டிலருகே எதைக் கற்கிறார்கள்? ஓர் எளிய எடுத்துக்காட்டு.

அரை லிட்டர் சலைன் புட்டியை நான்கு மணி நேரத்தில் ஏற்றி முடிக்குமாறு மருத்துவர் எழுதிவிட்டுச் செல்கிறார். அதாவது 500 மில்லி லிட்டர். வழக்கமான குழாயில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளிகள். ஆக 10,000 துளிகள். நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 துளிகள். இது வகுப்பறைக் கணக்கு. தவறினால் உயிருக்கு ஊறு. ஆதலால் தூக்கத்திலும் மறவாதபடி கற்பிக்க வேண்டும்.

ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் கணக்கு அல்லர், மனிதர். அவர் கையை மடக்கினால் துளி நின்றுபோகும். அவரைப் பார்க்க வந்த உறவினர், விரைவில் முடியட்டுமே என்று திருகியைத் தளர்த்திவிடுவார். கிழவர் ஒருவருக்கு இதயம் தளர்ந்திருந்தால், கணக்குப்படி சரியாக ஏறும் நீரே அவர் நெஞ்சை அடைக்கும், மூச்சு வாங்கும், முகம் மாறும். அந்த முகமாற்றத்தைக் கண்டவுடன் திருகியை நிறுத்தி மருத்துவரை அழைக்கும் அறிவு எந்தக் கரும்பலகையிலும் எழுதப்படுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு, தேர்ந்த மூத்த செவிலியர் ஒருவரின் பக்கத்தில் நின்று கற்பது அது.

இதனால்தான் நல்ல கல்லூரிகளில் பயிற்சி படிப்படியாக நடைபெறுகிறது. முதலில் பொம்மையின்மேல் செய்து பழக வேண்டும். பின்னர் மூத்தவர் செய்வதைக் கட்டிலருகே நின்று காண வேண்டும். அடுத்து அவர் கண்பார்வையில் தானே செய்ய வேண்டும். அவர் நிறைவடைந்து பதிவேட்டில் கையெழுத்திட்ட பின்னரே தனித்துச் செய்யலாம். ஊசி போடுவது மட்டுமன்று பயிற்சி. எழ இயலாதவரைக் கூச்சப்படாதவாறு துடைத்துக் குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வராமல் நேரந்தவறாது புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து தருமுன் இவர்தான் அந்த நோயாளியா, மருந்து சரியா, அளவு சரியா, கொடுக்கும் வழி சரியா, வேளை சரியா என்று ஐந்து முறை தன்னைத்தானே கேட்டுக்கொள்வது, பணி மாறும்போது அடுத்தவரிடம் ஒன்றையும் விடாமல் ஒப்படைப்பது, இவை யாவும் பயிற்சியே. கிராமத்து வீடுகளுக்கு நடந்து சென்று, கருவுற்ற தாயையும் காசநோயாளியையும் பார்த்து வருவதும் இப்பயிற்சியின் பகுதியே.

நான்காண்டுப் பட்டப்படிப்பு என்று சொல்கிறோமே, அதன் எட்டுப் பருவங்களிலும் வகுப்பும் வார்டும் பின்னிப் பிணைந்தே வருகின்றன. இறுதிப் பருவத்தில் மருத்துவமனைப் பணியே பெரும்பகுதி. கல்லூரிக்குரிய தாய் மருத்துவமனையில் பொதுவாகக் குறைந்தது 100 படுக்கைகளேனும் இருக்க வேண்டும், மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்ற அளவில் பயிற்சி அமைய வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறை வகுத்தது. ஒரு கட்டிலுக்கு இருபது மாணவியர் என்ற நிலை அந்த நெறியைத் தலைகீழாக்குவதன்றி வேறென்ன?

இத்தனை படிப்பால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சியை எடுத்துரைப்பேன். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 பேரின் விவரங்களை லிண்டா எய்க்கன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். பட்டதாரிச் செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடியிருந்த இடங்களில், மருத்துவமனையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகள் எண்ணிக்கையில் ஒருவர் கூடினாலும் அந்த வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. படிப்பும் வேண்டும், படித்தவர்கள் போதிய எண்ணிக்கையிலும் வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் அங்கே பட்டம் என்பது கட்டிலருகே பெற்ற பட்டம் என்பதை மறந்துவிடலாகாது.

நான் எழுத மறுத்த சான்றிதழ்

முதுநிலைப் பட்டம் பயில விரும்புவோரைப் பற்றியும் ஒரு சொல். எம்.எஸ்ஸி. செவிலியர் படிப்பு ஈராண்டு. பொது மருத்துவமும் அறுவையும், தாய்மை நலம், குழந்தை நலம், மனநலம், சமூக நலம் எனும் ஐந்து பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து பயில்வர். பட்டம் பெற்றபின் ஓராண்டாவது பணிபுரிந்த அனுபவம் இருந்தாலன்றி அதில் சேர இயலாது. ஏன் இந்த விதி? இவர்கள்தாம் நாளைய ஆசிரியர்கள், வார்டுகளின் தலைவர்கள். தான் இரவுப் பணி பார்க்காதவர் பிறர்க்கு இரவுப் பணியைக் கற்பிப்பது எங்ஙனம்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குப் பெண் ஒருத்தி, நன்கு படித்தவள், என்னிடம் வந்தாள். பட்டம் பெற்று வீட்டிலேயே இருந்தவள். "சாமி, உங்களுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தாருங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றாள். நான் மறுத்தேன். அவளுடைய தாய் மூன்று மாதம் என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒரு காகிதத்திற்காக இப்படியா என்று ஊரிலும் பேசினார்கள்.

எனக்கும் மனம் வலிக்கத்தான் செய்தது. அந்தக் காகிதத்தைக் கொண்டு அவள் ஈராண்டில் ஆசிரியை ஆகியிருப்பாள். ஆண்டிற்கு அறுபது மாணவியர் அவளிடம் கற்றிருப்பர். பார்க்காத முகத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்லியிருப்பாள்? ஒரு பொய்ச் சான்று ஒருத்தியோடு நின்றுவிடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வார்டுகளுக்குள் நடந்து செல்கிறது. அவள் பின்னர் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் உண்மையாகவே ஓராண்டு பணிபுரிந்தாள். "அப்போது கோபம் வந்தது சாமி. இப்போது இல்லை" என்று பின்னொரு நாள் அவளே சொன்னாள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, பெற்றோரே, பிள்ளையைச் செவிலியர் கல்லூரியில் சேர்க்குமுன், பணத்தை எண்ணுமுன், இவற்றைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். மனையை அடமானம் வைப்பவர் நீங்கள்.

கல்லூரிக்கென்று மருத்துவமனை உண்டா? எத்தனை படுக்கைகள்? அவற்றில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா? ஒரு நாள் பிற்பகலில் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

பேறுகாலப் பிரிவும் குழந்தைப் பிரிவும் இயங்குகின்றனவா? மனநலப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள்?

வகுப்பெடுக்கும் ஆசிரியை வார்டுக்கும் வருகிறாரா? அல்லது வார்டில் மாணவியரைத் தனியே விட்டுச் செல்கிறாரா?

செய்முறைக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மாணவியர் வேண்டியபோது பழக முடியுமா?

மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும், மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்வதற்குரிய அங்கீகாரமும் இவ்வாண்டுக்கு உண்டா? சுவடியில் அச்சிட்டதை நம்பாமல் நேரில் உறுதி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கும் மாணவி ஒருத்தியிடம் பேசுங்கள். முதல்வர் சொல்லாததை அவள் சொல்வாள்.

வெளிநாட்டு வேலையை எண்ணிச் சேர்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. அதில் தவறில்லை. உலகில் 59 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஆனால் வெளிநாடு காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் பணிபுரிய விரும்பும் அயல்நாட்டுச் செவிலியர் கணினித் தேர்வோடு, கையால் செய்து காட்டும் தேர்விலும் வென்றாக வேண்டும். உறை பிரிக்காத பொம்மை அங்கே துணைக்கு வராது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நாம் நோயாளியாகவோ உறவினராகவோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ பிற மருத்துவமனைக்கோ செல்லும்போது, பயிற்சி மாணவியர் கட்டிலருகே வந்தால் முகம் சுளிக்கிறோம். "படிக்கிற பிள்ளைகள் எங்கள் அம்மாவைத் தொட வேண்டாம்" என்கிறோம். ஆசிரியை பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. இருந்தால் மனமார இடங்கொடுங்கள். இன்று உங்கள் தாயின் கையில் நாடி பார்க்கக் கற்பவள் நாளை இன்னொரு தாயைக் காப்பாள். அவளும் ஒரு வீட்டுப் பிள்ளை.

நிற்க, நூற்பாலைத் தொழிலாளியின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தந்தை அந்தக் கல்லூரியில் பணம் கட்டவில்லை. அரசுக் கலந்தாய்வு வரை பொறுத்திருந்தார்கள். வேறோர் ஊரில், பழைய கட்டடமும் நிறைந்த வார்டுகளும் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தது. மனை அடமானம் போகவில்லை.

அவள் மூன்றாம் ஆண்டு படிக்கையில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தாள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்ற நான், கப்பலூரில் சர்க்கரை நோயால் படுத்திருந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் அவளைக் கண்டேன். பக்கத்து வீடு என்பதால் பார்க்க வந்திருந்தாள். உணவு வேளை. மூதாட்டியின் மகன் இன்சுலின் மருந்தை ஊசியில் இழுத்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் அவர் செய்வதுதான். அவள் கை கழுவி வந்து, புட்டியையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, போடாதீங்க. இந்தப் புட்டி எங்கே வாங்கினீங்க?"

வழக்கமான கடையில் மருந்து இல்லாததால் வேறு கடையில் வாங்கியதாக அவர் சொன்னார். பழைய புட்டியில் மில்லி லிட்டருக்கு 40 அலகு மருந்து. புதிய புட்டியில் மில்லி லிட்டருக்கு 100 அலகு. கையில் இருந்ததோ சிவப்பு மூடியுள்ள, 40 அலகுப் புட்டிக்குரிய ஊசி. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி லிட்டர். பழைய மருந்தில் அது 20 அலகு. புதிய மருந்தில் 50 அலகு. இரண்டரை மடங்கு. அந்த முதிய உடலில் சர்க்கரை வேகமாக இறங்கி, மயக்கம் வந்து, என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அன்புள்ள மகன்தான் அவர்; தாய்க்கு ஒருவேளையும் தவறாமல் ஊசி போட்டவர்.

அவள் தானே அளவு மாற்றிப் போட முற்படவில்லை. மருத்துவரைக் கேட்குமாறு அவரைத் தொலைபேசியில் பேச வைத்தாள். ஆரஞ்சு மூடியுள்ள, 100 அலகுப் புட்டிக்குரிய ஊசியை வாங்கிவரச் சொன்னாள். தன் எல்லை எதுவென்றும் அவள் கற்றிருந்தாள்.

வெளியே வரும்போது கேட்டேன்: "இதை எங்கேம்மா படிச்சே, வகுப்பிலா, வார்டிலா?"

சிறிது யோசித்தாள். "கணக்கை வகுப்பில் சொல்லிக் கொடுத்தாங்க சாமி. ஆனா வார்டில் எங்க மேடம் ரெண்டு ஊசியையும் என் கையில் கொடுத்து, 'மூடியோட நிறத்தைப் பார், புட்டியில் எழுதியிருக்கிறதைப் படி, அப்புறம் எடு'ன்னு சொன்னாங்க. நான் ஒருதடவை மாத்தி எடுத்திட்டேன். அவங்க பக்கத்திலேயே நின்னாங்க. பிடிச்சு நிறுத்தினாங்க. அதான் மறக்கலை."

பக்கத்தில் நின்று பிடித்து நிறுத்திய அந்த ஆசிரியையின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று கப்பலூரில் ஒரு மூதாட்டி பிழைத்தது அவராலும்தான். பெற்றோரே, கல்லூரி தேடிப் போகும்போது அப்படிப்பட்ட ஆசிரியை நிற்கும் கட்டிலைத் தேடுங்கள். கையெழுத்திட நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை